நீ தூக்கிய வண்டியை நான் ஓட்டினேன்

தம்பி,

நீயும் அப்பாவும் திருப்பூர்ப் பக்கம் உன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு வந்து இறங்கும்போது, வாசலில் நிற்கிற என்னைவிட வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டியைத்தான் நீ முதலில் பார்ப்பாய். பார்த்ததும் புரிந்துவிடும். முன்பக்கம் இறங்கியிருக்கும். செல்லூர்ப் பட்டறையில் நீ ஆசைப்பட்டுத் தூக்கி வைத்த இரண்டு அங்குலம் இப்போது இல்லை. பட்டறைக்காரன் பாண்டியிடம் அதை இறக்கச் சொன்னது நான்தான். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், சாப்பிடாமல் மாடிக்குப் போவாய், கல்யாண வேலை நடக்கிற வீட்டில் இன்னும் கொஞ்சம் சத்தம் கூடும். கூடட்டும். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நேரில் சொன்னால் "சரிம்மா, விடும்மா" என்று பாதியில் எழுந்து போகிறாய். போனில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுகிறாய். இந்த வண்டியைப் பற்றி இத்தனை நாளாக நான் பேசிய எதுவும் உன் காதுக்குள் போனதாகவே தெரியவில்லை. அதனால்தான் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மேசையில் உட்கார்ந்து, கோபம் கொஞ்சமும் குறையாமல் எழுதுகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். ஏனென்றால் நீ இந்தக் கதையை எல்லோரிடமும் நடுவிலிருந்துதான் ஆரம்பிக்கிறாய். நம் வண்டி வாங்கியபோது மற்ற பிக்கப் வண்டிகளைப் போலத்தான் நின்றது. சோள மூட்டை கூடுதலாக ஏற்றுவதற்காகப் பாரம் தாங்குகிற பின்பக்கக் கமான் பட்டையோடு இன்னொரு பட்டையைச் சேர்த்தது உன் அப்பா. அதனால் பின்னால் உயர்ந்தது. காலியாக நிற்கும்போது முன்பக்கம் தாழ்ந்து தெரிந்தது. மூட்டை ஏறினால் பின்பக்கம் அமுங்கி வண்டி சமமாகிவிடும். லோடு வண்டி என்றால் அப்படித்தான். அதற்குச் செய்யப்பட்ட வேலையைச் செய்கிறபோது நேராக நிற்கும். சும்மா நிற்கிறபோது எப்படி நின்றால் என்ன? இதில் யாரும் குறை கண்டதில்லை, எடைமேடைக்காரர் மகன் வாயைத் திறக்கும்வரை.

அன்றைக்கு நானும் வண்டியில் இருந்தேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடப் போகிற வழியில் காலி வண்டியை எடை போட நிறுத்தினாய். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னான்: "பாருங்கடா, வண்டியக்கூட நல்லா பழக்கி வச்சிருக்காய்ங்க. நம்ம களத்துக்குள்ள வந்ததும் தன்னால குனிஞ்சு கும்புடுது." அவர்கள் சிரித்தார்கள். நீ எடைச் சீட்டை வாங்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாய். அந்தப் பேச்சு ஏன் உனக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எடைமேடை இப்போது நிற்கிற அவன் தாத்தாவின் களத்தில் கூலிக்கு நின்றவர் உன் தாத்தா. வேலை கேட்கவும் குனிய வேண்டும், வேலை முடிந்து கூலி வாங்கவும் குனிய வேண்டும். இன்றைக்கு நாம் நம் சொந்த வண்டியில் போய் இறங்குவது அந்த வீட்டுக்கு இன்னும் செரிக்கவில்லை; அது சிரிப்பாக வெளியே வருகிறது. எனக்கும் காது சுட்டது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது "விடுடா, அவனுக்கு வேற வேல இல்ல" என்றேன். நீ "ம்" என்றாய். அந்த "ம்" மனதுக்குள்ளேயே செல்லூருக்குக் கிளம்பிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியோடு திரும்பி வந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெரு முனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாய். முன்பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன்.

"என்னடா பண்ணுன?"

"ஸ்பேசர்ம்மா. முன்னால ஸ்பிரிங்குக்கு மேல ஒரு இரும்பு வளையம். லேத்துல கடஞ்சு போட்டது. அம்புட்டுதான்."

"ஸ்பிரிங்க மாத்தலயா?"

"ஸ்பிரிங்கு அதேதான். மேல முட்டு குடுத்துருக்கு."

"அப்ப சக்கரம் கீழ தொங்கிட்டுல்ல நிக்குது?"

"அம்மா, நீ கணக்கு டீச்சர். மெக்கானிக் இல்ல."

அப்பா டீ டம்ளரோடு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, சிங்கங்கணக்கா" என்றார். உன் அப்பாவுக்கு எதைக் காட்டினாலும் நல்லாத்தான் இருக்கும். நான் வாய் திறப்பதற்குள் நீ போனை எடுத்து வீடியோ காட்ட ஆரம்பித்தாய். ஏதோ பாலைவனத்தில், முன்பக்கம் தூக்கிய வண்டிகள் மணலைக் கிழித்துக்கொண்டு ஏறின. நீ காட்டியவை நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள். பின்னால் ஒரு சாக்குப்பைகூட இல்லாமல் விளையாட்டுக்கு ஓட்டுபவை. நம்முடையது பின்சக்கரம் இரண்டும் மட்டும் தள்ளுகிற வண்டி. முதுகு நிறைய மூட்டையோடு பேரையூருக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில் ஓடிப் பிழைப்பது. இதைச் சொன்னதற்கு, "எல்லாத்துக்கும் ஒரு பாடம் எடுப்பியாம்மா?" என்றாய். எடுப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து வழுக்கையானது. அலைன்மென்ட் பார்க்கிற கடையில், "இதுக்கு மேல திருக எடம் இல்லண்ணே" என்று சொன்னதாக நீயே வந்து சொன்னாய். அதையும் ஏதோ பட்டம் வாங்கியதைப் போலச் சொன்னாய். பள்ளத்தில் இறங்கினால் முன்னால் 'டங்' என்று ஒரு சத்தம். மூட்டை ஏறியதும் பின்பக்கம் அமுங்கி முகப்பு விளக்கு மரக்கிளைகளுக்கு வெளிச்சம் காட்டியது. எதிரே வந்த பஸ் டிரைவர் ஒருவர் நிறுத்தி, "ஏப்பா, வானத்துல யாரத் தேடுற?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதையும் நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். காலியாக நிற்கிறபோது அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, பாரம் ஏற்றுகிறபோது நிலைகெடுகிற மாதிரி ஒரு லோடு வண்டியை மாற்றி வைத்திருக்கிறாய் என்று நான் சொன்னேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்.

"நீதானம்மா சொல்லிச் சொல்லி வளத்த, எவன் முன்னாடியும் தலையக் குனியாதன்னு."

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் எழுத முடியாது. தலை குனியாதே என்று நான் சொன்னது உன்னிடம், வண்டியிடம் இல்லை. என் வகுப்பில் இருக்கிற பையன்கள்கூட இப்படி என் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கி என் மேலேயே எறிந்ததில்லை. நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் தேடுகிற வியாதி வந்துவிட்டது. எடைமேடையில் ஒருவன் சிரித்தால் அதற்கு ஓர் அர்த்தம், ஸ்பிரிங் உயர்ந்தால் அதற்கு ஓர் அர்த்தம். அது இரும்பு. அதற்கு யார் யாரைக் கும்பிட்டார்கள் என்பதெல்லாம் தெரியாது. எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இந்த வியாதி உன்னோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உன் அப்பாவின் முதுகு எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லியிருப்பது பாதிதான். மூட்டை தூக்கித் தூக்கித் தேய்ந்துபோனது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறோம். நடந்தது வேறு. நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஆலையில் லோடு இறக்கும்போது ஒருவன், "என்னண்ணே, டீச்சரக் கட்டுனதுலருந்து ஒடம்பு பூவாயிருச்சே" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். இவர் ஒரு மூட்டைக்கு மேல் இன்னொரு மூட்டையைப் போடச் சொல்லி, பலகை மேல் ஏறிக் காட்டியிருக்கிறார். கேட்டவன் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். இவர் அன்றைக்கு ஆட்டோவில் படுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அழுதுகொண்டே தைலம் தேய்த்தபோது, "ஆனா ஏறிட்டேன்ல?" என்று கேட்டார்.  தன்னால் தூக்க முடியாததை வண்டியாவது தூக்கட்டும் என்று அவர் பின்பக்கம் பட்டை சேர்த்ததற்கும், மாடிப்படி ஏறும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொள்வதற்கும், படிப்பை முடித்த கையோடு நீ ஸ்டியரிங்கைப் பிடித்ததற்கும் அந்த ஒரு கைதட்டுதான் காரணம்.

நீயும் சளைத்தவன் இல்லை. எட்டாம் வகுப்பில் நீ அடம்பிடித்து வாங்கிய ஷூ ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் "ஒரு சைஸ் கூட வேணும்மா" என்று எவ்வளவோ சொன்னார். நீ கேட்ட நிறம் அந்தச் சின்ன சைஸில் மட்டும்தான் இருந்தது. "பத்துது, நல்லா பத்துது" என்று கடைக்குள்ளேயே நடந்து காட்டினாய். வருஷம் முழுக்கக் குதிகாலில் புண். கேட்டால் கொசு கடித்தது என்றாய், முள் குத்தியது என்றாய். விளையாட்டு விழாவில் கடைசியாக ஓடி வந்தாய். ஷூ கடிக்கிறது என்று சொன்னால் கடையில் நீ சொன்னது தப்பு என்று ஆகிவிடுமாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. ஷூ கடித்தால் உன் கால் மட்டும் புண்ணாகும். வண்டி அப்படி இல்லை.

கல்யாணத்தன்றைக்கு உன் திட்டம் என்னவென்று அப்பா மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. சோழவந்தானில் தாலி கட்டி முடிந்ததும், மாலை போட்ட நம் வண்டியில் பவித்ராவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீயே ஓட்டி வருவாய். பின்னால் உன் சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, உன் கூட்டாளிகள் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். எடைமேடை வழியாக, பாட்டுப் போட்டுக்கொண்டு. நம் பக்கத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படித்தான் போகிறோம் வருகிறோம். அது சட்டப்படி கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தூக்கிய வண்டியில், பின்னால் அத்தனை பேர் நின்றுகொண்டு வந்தால் முன்சக்கரத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "நான் ஓட்டுறேன்ல? எனக்குத் தெரியாதா?" என்றாய்.

பவித்ராவும் ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று சொன்னாள். நிச்சயத்துக்குப் பிறகு ஒருநாள் மதுரைக்குச் சேலை எடுக்க வந்தபோது, அவளையும் அவள் தங்கையையும் நம் வண்டியில் கூட்டி வந்தாயே, அன்றைக்குப் பின்னால் பந்தல் சாமான் நிறைய ஏற்றியிருந்தாயாம். "அத்த, இவரு என்ன, வளைவு வந்தா மட்டும் பாட்ட நிறுத்திர்றாரு? சாமி கும்புடுறாரா?" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். 

நீங்கள் இருவரும் திருப்பூர் கிளம்பிய மறுநாள் மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு மாரியக்கா ரோட்டில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தை அள்ளி மூட்டை பிடித்துவிட்டாள். ஆனால் திருமங்கலம் ஆலைக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. ஈரம் பட்டால் எடுக்க மாட்டார்கள். வாசலில் வந்து நின்று, "டீச்சரு, நீதான் லைசென்ஸ் வச்சிருக்கியே. படிச்சதெல்லாம் பேப்பர் திருத்தத்தானா?" என்று கேட்டாள். நான் நம் வண்டியை ஓட்டி நாளாகிவிட்டது. ஆனாலும் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகு சாவியை எடுக்காமல் இருக்க முடியவில்லை. மூட்டையை ஏற்றினார்கள். முழு லோடுகூட இல்லை. மாரியக்கா தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பார்த்து, "என்னத்தா, ரோட்டக் காணோம், வானம்தான் தெரியுது" என்றாள்.

நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங் என் கையில் வெறும் தட்டைப் போல இருந்தது, அவ்வளவு லேசு. லேசாக இருப்பது நல்லதுதானே என்று முதலில் நினைத்தேன். கண்மாய்க் கரையில் மதகுக்குப் பக்கத்தில் ரோடு வலது பக்கம் திரும்புமே, அங்கே தூறல் விழுந்து மேல்மண் நனைந்திருந்தது. வேகமாகவும் போகவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. தன் பாட்டுக்கு நேராகப் போனது. தண்ணீர் எனக்கு முன்னால் இருந்தது, தம்பி. பக்கத்தில் இல்லை, முன்னால். பிரேக்கை மிதித்தேனா, விட்டேனா, எதுவும் ஞாபகம் இல்லை. கரையோரக் கருவேல முள் கண்ணாடியில் கிறீச்சென்று உரசிய சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. வண்டி ஓரத்து மண்ணைக் கிளறிக்கொண்டு எப்படியோ திரும்பி நின்றது.

மாரியக்கா இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை விடாமலே கேட்டாள்: "ஏத்தா, நீ திருப்புனியா, இல்லையா?"

"திருப்புனேன்க்கா."

"அப்ப அது ஏன் திரும்பல?"

நான் வண்டியை மறுபடியும் கியரில் போட்டேன்.  மாட்டு வண்டியைப் போல ஊர்ந்து ஆலைக்குப் போய் மூட்டையை இறக்கினோம். மாரியக்கா, "நான் பஸ்ஸுல போய்க்கிறேன் டீச்சரு, தப்பா நெனைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு காலி வண்டி ராஜா மாதிரி ஓடியது. திருப்பினால் திரும்பியது, நில் என்றால் நின்றது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது. நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராகச் செல்லூருக்கு விட்டேன்.

பட்டறைச் சந்துக்குள் வண்டியை நுழைத்தபோது இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பாண்டி ஒரு ஆட்டோவுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "அக்கா, நீங்களா! மாப்ள எங்க?" என்று கத்தினான். கத்தினால்தான் அங்கே கேட்கும். நானும் கத்தினேன்.

"நீதானப்பா இதத் தூக்கிவிட்ட?"

"மாப்ள கேட்டான்க்கா. கேட்டதச் செய்யறதுதான தொழிலு? ரெக்க வச்சுத் தாண்ணேன்னு கேட்டாலும் வச்சுத்தான் குடுப்பேன். பறக்குறது அவன் பொறுப்பு."

"சோளம் ஏத்திட்டு வந்தேன், அது திரும்ப மாட்டேங்குது. எறக்கு."

பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு தயங்கினான். நீ தினமும் பேசுகிற ஆள். உன்னைக் கேட்காமல் தொட அவனுக்கு மனம் வரவில்லை. "ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்க்கா, கோவிச்சுக்குவான்" என்று போனை எடுத்தான். சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

"மாப்ள, அம்மா சோளம் ஏத்திட்டு வண்டிய ஓட்டுச்சு போல. முன்னால ரோட்டப் பிடிக்கலன்னு சொல்லுது. என்ன செய்ய?"

 உன் குரல் வந்தது, நான் ரொம்ப நாளாகக் கேட்காத குரல், சின்னப் பையன் குரல்: "லோடோடயா ஓட்டுச்சு? கம்மாக்கர வழியாவா? அண்ணே, அம்மாக்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கு."

"அங்கதாண்ணே இழுக்கும். நானே அந்த எடத்துல செகண்ட் கியர்ல ஊந்துதான் வருவேன். பவித்ரா இருந்தன்னைக்கு ஒரு தடவ செத்துட்டேன்னே நெனச்சேன். நீ எறக்கிராத. அலைன்மென்ட் மட்டும் பாத்து விட்ரு. கல்யாணம் முடியட்டும், நானே வந்து எறக்கிக்கிறேன். அம்மாட்ட சொல்லிராதண்ணே."

பாண்டி என்னைப் பார்த்தான். தறி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் "சரி மாப்ள" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஜாக்கியை எடுக்கப் போனான். நான் அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். வளையம் இரண்டையும் கழற்றினான். சக்கரத்தைப் பிடித்து நிற்கிற பால் ஜாயிண்ட்டின் ரப்பர் கிழிந்து போயிருந்தது, அதையும் மாற்றினான். பிறகு அவனே கடைக்கு ஓட்டிப்போய் அலைன்மென்ட் பார்த்து வந்தான்.

உனக்குத் தெரியவில்லை, சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் நான் இத்தனை நாளும் தொண்டை வற்றக் கத்தினேன். டயர் என்றேன், எடை என்றேன், பேப்பரில் படம்கூடப் போட்டுக் காட்டினேன். அத்தனையும் வீண். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. எந்த வளைவில் இழுக்கும், எந்தக் கியரில் ஊர வேண்டும், எங்கே பாட்டை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு இடமாகத் தெரிந்து வைத்திருக்கிறாய். தெரியாதவனோடு சண்டை போடலாம். தெரிந்துகொண்டே ஓட்டுகிறவனை என்ன செய்வது? சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தோள்பட்டை வலிக்கிறது என்று தைலம் கேட்பாயே, அது மூட்டையால் வந்த வலி இல்லை. ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிய வலி. ஒருவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்ன ஒரு வரிக்காகக் காலையும் மாலையும் இப்படிப் பயந்துகொண்டே போய்வந்திருக்கிறாய். அவனுக்கு அது சொன்ன மறுநிமிஷமே மறந்திருக்கும். அவனிடம் நீ இதைவிட வேறு என்ன தோற்க முடியும்?

கல்யாணத்துக்கு வேன் சொல்லிவிட்டேன். சித்தப்பாவும் பெரியம்மாவும் உன் கூட்டாளிகளும் அதில் உட்கார்ந்து வருவார்கள். நம் வண்டிக்கு மாலை போடு, பாட்டுப் போடு, எடைமேடை வழியாகவே வா, எனக்கு ஆட்சேபம் இல்லை. பின்னால் சீர்ச் சாமான் மட்டும்தான் வரும். ஆட்கள் ஏறக் கூடாது. இதில் பேரம் கிடையாது. வண்டி என் பெயரில் இருக்கிறது என்று இதுவரை உன்னிடம் சொல்லிக்காட்டியதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

வண்டியை இறக்கிவிட்டாயே என்று நாளைக்கு எடைமேடையில் எவனாவது கேட்பான். அதுதானே உன் பயம்? அதற்கு ஒரு பதில் தருகிறேன், வைத்துக்கொள். "எங்கம்மாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, எறக்கலன்னா கல்யாணத்துக்கே வர மாட்டேன்னு வாசல்ல உக்காந்துருச்சு" என்று சொல். சிரிப்பார்கள். டீச்சரம்மாவுக்குத் திமிர் என்பார்கள், புருஷனையும் பிள்ளையையும் ஆட்டி வைக்கிறாள் என்பார்கள். சொல்லட்டும். இந்த ஊரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வாழ வந்த நாளிலிருந்து இதைவிட மோசமானவற்றையெல்லாம் கேட்டவள் நான். என் காதுக்கு அது பழக்கம். நீ என்னைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள். பொய்தான், பரவாயில்லை. அந்தப் பொய்க்கு நான் சம்மதம் தருகிறேன்.

ஆனால் பவித்ராவிடம் அந்தப் பொய் கூடாது. உன்னை நம்பித்தான் அவள் அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், தன் தங்கையையும் ஏற்றினாள். நீ பாட்டை நிறுத்தியதைப் பார்த்து, சாமி கும்பிடுகிறாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, "வண்டி ரோட்டைப் பிடிக்காது என்று தெரிந்துதான் உன்னை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன்" என்று நீயே உன் வாயால் சொல். அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொல்லாதே. அவள் திட்டுவாள். ஒருவேளை அழுவாள். சேலை எடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, இப்போது போய் இதைச் சொல்வானேன் என்று உனக்குத் தோன்றும். அப்படித் தோன்றினால், அந்த மதகுக்குப் பக்கத்தில் போய் வண்டியை ஓரமாக நிறுத்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார், பிறகு அங்கிருந்தே அவளுக்குப் போன் போடு.

அம்மா